“ரிப்போர்ட் நல்லா இருக்காம், உடம்புதான் ஏலாது”

வாசகர் கேள்வி:

டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எனக்கு 68 வயது. கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது. 11 வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது. கண்டியில் கிளினிக் போய் மெசலசின் எடுக்கிறேன். போன வருடம் இரத்தமும் சளியுமாகப் போய், நாலு மாதம் பிரெட்னிசலோன் தந்தார்கள். கடைசியில் மழைக்கு மண் சரிந்து பஸ் ஓடவில்லை. குளிசை முடிந்துபோக அப்படியே நின்றுவிட்டது. அது நடந்து மூன்று மாதம் இருக்கும். இப்போது வயிறு பரவாயில்லை, இரத்தம் போவதில்லை. நோய் அடங்கியிருக்கிறது, ரிப்போர்ட் நல்லா இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஆனால் உடம்பு ஏலாது. பீலியில் ஒரு வாளி தண்ணீர் எடுத்து வந்தால் அரைமணி நேரம் உட்கார வேண்டும். 52 கிலோ இருந்தவள் இப்போது 46. ஏழு மாதத்துக்கு முன் ஹீமோகுளோபின் 10.8 என்று இரும்புக் குளிசை தந்தார்கள், காலையில் தேத்தண்ணியோடு போடுகிறேன். பிரஷருக்கு அட்டெனலோல், கேஸ்ட்ரிக்குக் குளிசை, முழங்கால் வலித்தால் டைக்ளோபெனக், இரவில் தடிமன் குளிசை ஒன்று. வயிறு கெட்டுவிடும் என்ற பயத்தில் கஞ்சி, பிஸ்கட், தேத்தண்ணி, இவ்வளவுதான் சாப்பாடு. மகன் வயசாகிவிட்டது என்கிறான். மருமகள் வேலைக்குக் கள்ளம் என்கிறாள். இது வயசா, நோயா, இல்லை எனக்குத்தான் சோம்பலா?

பதில்:

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சோம்பல் இல்லை. இந்தப் பக்கத்தை மருமகளுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய். இப்படிக் குடல் அழற்சி உள்ளவர்களுக்கு அலுப்பு என்பது வயிற்றோட்டத்துக்கு அடுத்தபடியாக வரும் தொல்லை. சிலருக்கு அதைவிடப் பெரிய தொல்லை. நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் பெரும்பாலானோருக்கு இருக்கும். நோய் அடங்கிய பிறகும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விடுவதில்லை. கிளினிக்கில் ‘எத்தனை தரம் போகிறது, இரத்தம் இருக்கிறதா’ என்று கேட்பார்கள். நீங்கள் ‘இல்லை ஐயா’ என்பீர்கள். கொப்பியில் ‘நன்று’ என்று எழுதி அடுத்த திகதி போட்டுவிடுவார்கள். அலுப்பைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. வெளியில் நூறு பேர் நிற்கும்போது அங்கே யாரையும் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ‘ரிப்போர்ட் நல்லா இருக்கு’ என்றது குடலைப் பற்றிய பேச்சு, உடம்பு முழுவதற்கும் தந்த சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மகன் சொல்லும் ‘வயசு’ என்ற காரணத்தோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. வயது ஆளை மெதுவாக்கும், உண்மைதான். ஆனால் அது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பது. சென்ற வருடம் பீலிக்கும் வீட்டுக்கும் நாலு நடை போனவர் இந்த வருடம் ஒரு வாளியோடு உட்கார்ந்துவிட்டால் அதற்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது. மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்தான் வயதை எழுத வேண்டும். உங்கள் கடிதத்திலேயே ஏழெட்டுக் காரணங்கள் இருக்கின்றன. வயதானவர்களின் அலுப்பு பெரும்பாலும் இப்படித்தான். பெரிய காரணமாக ஒன்று இருக்காது. தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும் பல சேர்ந்துகொண்டு ஆளைச் சாய்த்துவிடும்.

இரத்தத்திலிருந்து ஆரம்பிப்போம்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. உங்களுக்கு 10.8. கேட்டால் ‘கொஞ்சம்தான் குறைவு’ என்பார்கள். ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். காற்றில் ஒட்சிசன் குறைந்த உயரத்தில் வாழ்கிறவர்களின் உடம்பு அதை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாகவே ஹீமோகுளோபின் வைத்திருக்கும். அதனால் 1,500 மீற்றருக்கு மேல் வசிப்பவர்களுக்கு அந்த எல்லையில் ஏறத்தாழ 1 கிராம் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டல். அப்படியானால் உங்களுக்கு எல்லை கிட்டத்தட்ட 13. கொழும்பில் ஒருவருக்கு 10.8 இருப்பதும் கந்தப்பளையில் உங்களுக்கு 10.8 இருப்பதும் ஒன்றல்ல. அதுவும் ஏழு மாதத்துக்கு முந்திய கணக்கு. இன்று எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் வேலை, இரத்தத்தை மறுபடி பார்ப்பது.

அதோடு ஃபெரிட்டின் என்ற பரிசோதனையையும் கேளுங்கள். உடம்பின் இரும்புக் கையிருப்பை அது காட்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உடம்பில் அழற்சி இல்லாதபோது 30க்குக் கீழே போனால் இரும்பு போதாது என்று அர்த்தம். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிவிடும், அந்த நேரத்தில் 100 வரை இருந்தாலும் உள்ளே இரும்பு தட்டுப்பாடாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் ‘நோர்மல்’ என்று அச்சடித்திருக்கும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே சி.ஆர்.பி என்ற அழற்சிப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஃபெரிட்டினை நம்பலாமா என்று தெரியும். ஹீமோகுளோபின் சரியாக இருந்து இரும்பு மட்டும் குறைந்திருந்தால்கூட அலுப்பு வரும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏழு மாதமாக இரும்புக் குளிசை போடுகிறீர்களே, அது எங்கே போனது? பெரும்பகுதி உடம்பில் சேராமலே போயிருக்கும். தேயிலைச் சாயத்தில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டிய இரும்பு உடம்பில் சேராது. வாழ்நாள் முழுவதும் தேயிலையோடு வாழ்ந்தவர்களிடம் ‘தேத்தண்ணி குடிக்காதீர்கள்’ என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நேரத்தை மாற்றினால் போதும். விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் குளிசையைத் தண்ணீரோடு போடுங்கள். அரைத் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இன்னும் நல்லது. தேத்தண்ணி அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. சாப்பாட்டுக்கும் அதே கணக்குத்தான். சோற்றோடும் ரொட்டியோடும் கோப்பையை வைத்துக்கொள்ளாமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டுக் குடியுங்கள். அந்த முதல் ஒரு மணி நேரம் குளிரில் கஷ்டமாகத்தான் இருக்கும். கொஞ்சம் சுடுதண்ணீரோ மல்லித் தண்ணீரோ குடித்துச் சமாளியுங்கள். பால்மா, கல்சியம் குளிசை இவையும் இரும்போடு சேரக்கூடாது. கேஸ்ட்ரிக் குளிசை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் அதுவும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். அந்தக் குளிசை இன்னமும் தேவையா என்று கிளினிக்கில் கேட்க வேண்டும்.

இரும்புக் குளிசை வயிற்றைப் பிரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேளுங்கள். பலருக்கு அது போதும், உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவும் மோசமாகக் குறையாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு நாற்றத்தோடு போனால் அது குளிசையின் நிறம் இல்லை, உடனே காட்ட வேண்டும். ஒழுங்காகப் போட்டால் நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 2 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அதே குளிசையை இன்னும் ஏழு மாதம் போடுவதில் அர்த்தமில்லை. நாளத்தின் வழியாக இரும்பு ஏற்றும் முறை இருக்கிறது. குடல் நோய் கிளம்பியிருக்கும்போதும், குளிசை ஒத்துக்கொள்ளாதபோதும் அதுதான் சரியான வழி. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் ஏற்றுவார்கள். ‘இரத்தம் ஏற்றுவது’ வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது, இரத்தம் ஏன் குறைந்தது? போன வருடம் கண்ணுக்குத் தெரியப் போனது ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாமல் கசிவது இன்னொன்று. இங்கேதான் உங்கள் டைக்ளோபெனக் மேல் எனக்குச் சந்தேகம். அந்த இனத்து வலிக்குளிசைகள் இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கும், அடங்கியிருக்கும் கொலைட்டிஸைக் கிளப்பிவிடவும் கூடும். வயதானவர்களுக்குச் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். மலைச்சரிவில் முப்பது வருடம் ஏறி இறங்கிய முழங்கால் வலிக்காமல் இருக்காது, அது எனக்குத் தெரியும். கடையில் ‘கால்வலிக்குக் குளிசை’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள், கொலைட்டிஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இன்றோடு அதை நிறுத்துங்கள். வலித்தால் பெனடோல் போடலாம். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு நாலு குளிசைக்கு மேல் டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். பூசும் மருந்து, சுடுதண்ணீர் ஒத்தடம் இவற்றில் தவறில்லை.

இன்னொரு விஷயம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கொலைட்டிஸ் தொடங்கி எட்டு வருடம் ஆனவர்களுக்குப் பெருங்குடலைக் கமெரா விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கோப்பியை இத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துச் செய்ய வேண்டும், புற்றுநோய் ஏதாவது தலைகாட்டுகிறதா என்று பார்ப்பதற்காக. உங்களுக்கு 11 வருடம். கடைசியாக எப்போது செய்தார்கள் என்று கொப்பியைப் பாருங்கள். இரத்தமும் குறைந்து, ஆறு கிலோவும் குறைந்திருக்கிறது. சாப்பாட்டைச் சுருக்கியதால்தான் எடை போயிருக்கும் என்று நான் நினைத்தாலும், நினைப்பை வைத்துச் சும்மா இருந்துவிட முடியாது. இதை நீங்களாகக் கேட்டால்தான் நடக்கும்.

இப்போது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ஸ்டீரொயிட் குளிசையை மூன்று நாலு வாரத்துக்கு மேல் எடுத்தால், நம் உடம்பில் இயற்கையாகக் கோர்ட்டிசோல் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ‘வெளியிலிருந்து வருகிறதே’ என்று வேலையை விட்டுவிடும். அதனால்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துகிறோம். உங்களுக்கு மண்சரிவு அந்த வேலையைக் கெடுத்துவிட்டது. சுரப்பி விழித்துக்கொள்ளச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அலுப்பு, எழும்பி நிற்கும்போது தலைச்சுற்று, பசியின்மை, குமட்டல், எடை குறைதல் எல்லாம் வரலாம். நீங்கள் சொல்வதில் பாதி இந்தப் பட்டியலில் இருக்கிறது. காலையில் எடுக்கும் இரத்தத்தில் கோர்ட்டிசோல் பார்த்தால் ஓரளவு தெரியும். இதை அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்க வேண்டாம், இந்த வாரமே நுவரெலியா ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ‘நாலு மாதம் பிரெட்னிசலோன் எடுத்தேன், திடீரென்று நின்றுவிட்டது’ என்று சொன்னாலே அவர்களுக்குப் புரியும். இடையில் காய்ச்சலோ விடாத வாந்தியோ வந்து தலை சுற்றி விழப் பார்த்தால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். வருகிறவர்களிடமும் பிரெட்னிசலோன் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வீட்டில் மிச்சம் கிடக்கும் குளிசையை நீங்களாக எடுத்துப் போடவும் வேண்டாம்.

அதே ஸ்டீரொயிட் தொடைத் தசையையும் கரைக்கும். வயதும் கரைக்கும், சாப்பாடு போதாவிட்டாலும் கரையும். உங்களுக்கு மூன்றும் சேர்ந்திருக்கிறது. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள், பேத்தி பக்கத்தில் நிற்கட்டும். கைகளை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழுந்து உட்காருங்கள். பேத்தி போனில் நேரம் பார்க்கட்டும். 15 வினாடிக்கு மேல் போனால், அல்லது கையூன்றாமல் எழவே முடியாவிட்டால், தசை பலம் குறைந்திருக்கிறது. தலை சுற்றினால் செய்யாதீர்கள். வாளி தூக்கியதும் உட்கார வைப்பது இரத்தச்சோகை மட்டும்தானா, தசையும் சேர்ந்தா என்று இதில் கொஞ்சம் தெரியும்.

தசை திரும்பி வர இரண்டு வேண்டும். ஒன்று, சாப்பாடு. கொலைட்டிஸ் அடங்கியிருக்கும்போது கஞ்சியும் பிஸ்கட்டுமாக இருக்க எந்த டொக்டரும் சொல்லமாட்டார். நோய் கிளம்பியபோது சொன்ன பத்தியத்தை அதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டு இருக்கிறவர்கள் நிறையப் பேர். நீங்களும் அதில் ஒருவர். சிறுநீரகம் நன்றாக இருந்தால் உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 55 கிராம் புரதம் வேண்டும். இப்போது சாப்பிடுவதில் அதில் பாதியாவது தேறுமா என்பது சந்தேகம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு சின்னக் கைப்பிடி மைசூர்ப் பருப்பில் 7 கிராம். ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டில் 10க்கு மேல். பிரஷர் இருப்பதால் நெத்தலியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுச் சமையுங்கள். மீனிலும் ஈரலிலும் உள்ள இரும்பு கீரை இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும். தேத்தண்ணியும் அதை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். இந்த வாரம் தினமும் ஒரு முட்டை. வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்றால் அடுத்த வாரம் குழைய வேகவைத்த பருப்பு. அப்புறம் மீன். கொச்சிக்காயைக் குறைத்துக்கொண்டால் பருப்பும் மீனும் உங்களை ஒன்றும் செய்யாது. செய்தால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், மறுபடி கஞ்சிக்குப் போகாதீர்கள்.

மற்றது, அசைவு. ‘அலுப்பாக இருக்கிறது, படுத்திருக்கிறேன்’ என்றால் தசை இன்னும் போகும், அலுப்பு இன்னும் கூடும். அதற்காக மேட்டில் ஏறச் சொல்லவில்லை. இரத்தமும் கோர்ட்டிசோலும் பார்த்து முடிந்ததும், லயத்துக்கு முன்னால் இருக்கும் சமதரையில் பத்து நிமிடம் நடங்கள். ஐந்து தரம் எழுந்து உட்கார்ந்தீர்களே, அதே சோதனையைக் காலையும் மாலையும் பயிற்சியாகச் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நிமிடம், ஒரு தரம் என்று கூட்டினால் போதும். நல்ல நாள் ஒன்று வந்தால் தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் செய்துவிட்டு மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கையில் கிடப்பது இந்த நோய்க்காரர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. நல்ல நாளிலும் கொஞ்சம் மிச்சம் வைத்தே நிறுத்துங்கள். வாளியைப் பாதி நிரப்பி எடுங்கள். விறகு, பெரிய துணி துவைப்பு இதெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு விடலாம், கௌரவம் குறையாது.

மருந்துப் பட்டியலில் இன்னும் சில இருக்கின்றன. அட்டெனலோல் நாடித் துடிப்பைக் குறைக்கும், சிலரைச் சோர்வாக்கும். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று அடுத்த முறை பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தவே கூடாது, திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. தடிமன் குளிசையை எதற்காகத் தினமும் போடுகிறீர்கள்? மூக்கு ஒழுகுவது நின்றும் தூக்கத்துக்காகப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். குளோர்பெனிரமின் என்ற அந்தக் குளிசை முதியவர்களுக்கு மறுநாள் பகல் வரை மந்தத்தைத் தரும், வாயை உலர்த்தும், இருட்டில் தடுக்கி விழவும் வைக்கும். அதை விட்டுவிடுங்கள். முதல் சில இரவுகள் தூக்கம் சரியாக வராது, பிறகு பழகிவிடும்.

கேஸ்ட்ரிக் குளிசையை வருடக்கணக்கில் எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம், வயதும் அதற்கு ஒரு காரணம். உங்கள் நோய் பெருங்குடலோடு நிற்பதால் பி12 சேரும் இடத்தை அது தொடுவதில்லை. குடல் அழற்சியின் இன்னொரு வகையான குரோன்ஸ் நோய் உள்ளவர்கள் இதை வாசித்தால் அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், குறிப்பாகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்கள். மெசலசின் நல்ல மருந்து, விடாதீர்கள். அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவையாவது கிரியேட்டினின் பார்க்க வேண்டும். தைரோயிட், சீனி, விற்றமின் டி ஆகியவற்றையும் அதே கையோடு கேளுங்கள். சுவெட்டரும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் கடைசியாகச் சொன்னது குறைவாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இரவுத் தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. லயத்து வீடுகளில் கக்கூஸ் பெரும்பாலும் வெளியில். இரவில் இரண்டு தரம் எழும்பி, சுவெட்டரை மாட்டி, டோர்ச் தேடி, பனியில் நடந்து போய் வந்தால் தூக்கம் அத்தோடு சரி. எதற்காக எழும்புகிறீர்கள் என்று பாருங்கள். சிறுநீருக்கு என்றால் ஆறு மணிக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறையுங்கள், அறையிலேயே மூடியுள்ள வாளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வயிறு எழுப்புகிறது என்றால் நோய் அடங்கியிருக்கிறது என்பதையே நான் சந்தேகிப்பேன். அழற்சி இரவிலும் ஆளை எழுப்பும். அப்போது குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க மலத்தில் செய்யும் கல்ப்ரொடெக்டின் என்ற பரிசோதனை உதவும். தனியார் லேபில் செய்தால் விலை கொஞ்சம் கூட. அதனால் கிளினிக் டொக்டர் தேவை என்று சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

மனதைப் பற்றியும் ஒரு வரி. அலுப்பு மனதைச் சோர வைக்கும், சோர்ந்த மனமும் அலுப்பைத் தரும். ‘வேலைக்குக் கள்ளம்’ என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தால் யாருக்கும் அது நடக்கும். கோவிலுக்குப் போகவும் பக்கத்து வீட்டில் பேசவும்கூட மனமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அதுவும் மருந்துள்ள விஷயம்.

யாராவது ‘சத்து ஊசி போடுவோம், ஒரு சேலைன் ஏற்றுவோம்’ என்று சொல்வார்கள். சேலைன் என்பது உப்புத் தண்ணீர். அன்றைக்குப் படுத்து எழும்பிய சுகம் இருக்கும், மறுநாள் பழைய கதைதான். குடல் நோயால் வரும் அலுப்புக்கென்று தனியாக ஒரு மருந்து இன்னும் உலகத்தில் எங்கும் இல்லை. பெரிய டின்னில் விற்கிற சத்துமாவுக்குக் கொடுக்கும் பணத்தில் பல நாள் முட்டை வாங்கலாம்.

எல்லாம் பார்த்து, இரும்பும் ஏறி, கோர்ட்டிசோலும் சரியாக இருந்து, அப்படியும் கொஞ்சம் அலுப்பு மிஞ்சலாம். அதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அப்படி மிஞ்சியவர்கள் ‘எல்லாம் வீண்’ என்று மருந்தையும் விட்டுவிடுகிறார்கள். ஒரு வாளிக்கு அரைமணி நேரம் உட்கார்ந்தவர் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் அது முன்னேற்றம்தான்.

இதற்கிடையில் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. மறுபடி இரத்தம் போனால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். குடல் அழற்சி உள்ளவர்களுக்குக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

கண்டிக்குப் போய் வருவதே உங்களுக்கு ஒரு நாள் வேலை. ஆகவே இரத்தப் பரிசோதனைகளை நுவரெலியாவிலேயே எடுக்க முடியுமா என்று கேளுங்கள், ரிப்போர்ட்டை மட்டும் கண்டிக்குக் கொண்டுபோகலாம். சீனி பார்ப்பதற்குத்தான் வெறும் வயிறு வேண்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, தைரோயிட், கோர்ட்டிசோல் எதற்கும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. கோர்ட்டிசோலுக்குக் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் இரத்தம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று மணிக்கே எழும்பி ஒன்றும் சாப்பிடாமல் பஸ்ஸில் போய் வரிசையில் மயங்கி விழுகிறவர்களைப் பார்க்கும்போது இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும், மொழியும் ஒரு பக்கம் தடுக்கும். ஆகவே பேத்தியிடம் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாடசாலையில் படித்த சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும், பிழை இருந்தால் பரவாயில்லை. இவ்வளவு இருந்தால் போதும்: “மூன்று மாதமாகக் கடுமையான அலுப்பு. ஒரு வாளி தண்ணீருக்கே உட்கார வேண்டியிருக்கிறது. எடை 52லிருந்து 46. பிரெட்னிசலோன் நாலு மாதம், குறைக்காமல் நின்றுபோனது. ஏழு மாதத்துக்கு முன் ஹீமோகுளோபின் 10.8, இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு எடுத்தேன். டைக்ளோபெனக் எடுத்தேன், இப்போது நிறுத்திவிட்டேன். கடைசிக் கொலனொஸ்கோப்பி எப்போது? அடுத்தது எப்போது?” கீழே எல்லாக் குளிசைகளின் பெயரையும் எழுதுங்கள், கடையில் வாங்கியவற்றையும் சேர்த்து. பெயர் தெரியாவிட்டால் வெறும் அட்டைகளையாவது ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். உள்ளே போனதும் பேச ஆரம்பிக்க முன் துண்டை மேசையில் வையுங்கள்.